சிக்கலான பொருள்களையும் கட்டமைப்புகளையும் குறைந்த கணிப்புச் செலவில் உருவகப்படுத்துவது எப்படி

பொருளைச் சிறு கூறுகளாலான வலையாகப் பிரித்து அதன் நடத்தையைக் கணிக்கும் முடிவுறு கூறு முறையில் பணியாற்றும் டர்பன் மாணவர்கள் பலர், மடிக்கணினி திணறத் தொடங்கியவுடன் கேப் டவுனிலுள்ள உயர்செயல்திறன் கணிப்பு மையத்தில் இடம் கேட்பதையே முதல் வழியாகக் கருதுகின்றனர். அந்த மையம் ஆய்வாளர்களுக்குப் பெரும் உதவிதான். ஆனால் வேண்டாத கணிப்பைப் பெரிய கணினிக்கு மாற்றினாலும் அது வேண்டாத கணிப்பாகவே இருக்கும். முப்பரிமாண வலையில் கூறின் அளவைப் பாதியாக்கினால் கூறுகளின் எண்ணிக்கை 8 மடங்காகிறது. சமன்பாடுகளை நேரடியாகத் தீர்க்கும் முறையில் நினைவகத் தேவை ஏறக்குறைய 16 மடங்காகவும், தீர்க்கும் நேரம் ஏறக்குறைய 64 மடங்காகவும் உயர்கின்றன. ஆகவே மாதிரியைச் சுருக்குவதே முதல் வேலை.

எந்த விடை வேண்டும் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பாலத்தின் மொத்தத் தொய்வு மட்டும் வேண்டுமானால், அதன் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் முழுப் பருமனையும் நிரப்பும் திண்மக் கூறுகளால் வரைய வேண்டியதில்லை. நீண்ட உறுப்புகளைக் கோடுகளாகக் கருதும் விட்டக் கூறுகளும், மெல்லிய தகடுகளைப் பரப்புகளாகக் கருதும் ஓட்டுக் கூறுகளும் போதும். தடிமன் மற்ற அளவுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள தகடுகளுக்குத் திண்மக் கூறுகளைப் பயன்படுத்துவது பெரும்பாலும் வீண்செலவே. ஓர் இணைப்பின் தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் உள்விசை) தேவைப்பட்டால், முழு அமைப்பையும் பருமனான வலையில் தீர்த்து, அங்கே கிடைக்கும் இடப்பெயர்ச்சிகளை இணைப்பின் நுண்வலை மாதிரிக்கு எல்லை நிபந்தனைகளாக, அதாவது அதன் ஓரங்களில் நிலவ வேண்டிய மதிப்புகளாகக் கொடுக்கலாம். வெட்டும் எல்லை தகைவு குவியும் இடத்திலிருந்து போதிய தொலைவில் இருக்க வேண்டும்.

சமச்சீரைப் பயன்படுத்தும்போது சற்று நிதானம் தேவை. டர்பனின் மோசஸ் மபிதா விளையாட்டரங்கின் மேல் செல்லும், ஏறத்தாழ 350 மீட்டர் நீளமும் 106 மீட்டர் உயரமும் உடைய வளைவை எடுத்துக்கொள்வோம். தெற்கு முனையில் அது இரு கால்களாகப் பிரிந்து நிற்கிறது. வடக்கில் ஒரே காலாக இறங்குகிறது. எனவே இந்த வளைவை நான்கில் ஒரு பங்காக வெட்ட முடியாது. அதன் நீளவாக்கில் செல்லும் செங்குத்துத் தளத்தில் பாதியாக்கலாம். தன் எடைக்கு அந்தப் பாதி போதும். பக்கவாட்டுக் காற்றுக்கோ சமச்சீர் எல்லை நிபந்தனை பொருந்தாது. விளைவு சுமைக்கு நேர்விகிதத்தில் மாறும் நேரியல் கணக்காயின், சுமையைச் சமச்சீர்ப் பகுதியாகவும், தளத்தின் இருபுறமும் எதிர்மாறாக அமையும் எதிர்ச்சமச்சீர்ப் பகுதியாகவும் பிரித்து, அதே பாதி மாதிரியை இருமுறை தீர்த்துக் கூட்டிவிடலாம். அப்போதும் முழு மாதிரியைவிடச் செலவு குறைவே. வளைவு பக்கவாட்டில் நெளிந்து நிலைகுலையும் வாய்ப்பை ஆராய்பவர்கள் சமச்சீர்ப் பாதியை மட்டும் தீர்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. அந்த நெளிவு அதில் தோன்றவே தோன்றாது.

கலப்புப் பொருள்களில்தான் மிச்சப்படுத்த அதிக இடமுண்டு. குவாசுலு-நேட்டால் ஆலைகளில் கிடைக்கும் கரும்புச் சக்கையின் இழைகளைப் பிசினில் பதித்து ஒரு பலகை செய்தால், ஒவ்வோர் இழையையும் பலகை முழுவதும் வலையிட எந்தக் கணினியாலும் இயலாது. இழைகளின் பரவலைச் சரியாகப் பிரதிபலிக்கும் அளவுக்குப் பெரிதான ஒரு சிறு கனத்தை (கனசதுரத் துண்டை) மட்டும் எடுத்து, எதிரெதிர் முகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு உருமாறச் செய்யும் மீள்நிகழ்வு எல்லை நிபந்தனைகளை இட்டு, மூன்று நீட்சிகளும் மூன்று சறுக்கங்களுமாக ஆறு திரிபுகளை (உருமாற்ற அளவுகளை) தனித்தனியே கொடுத்துத் தீர்த்தால், திரிபையும் தகைவையும் இணைக்கும் சராசரி விறைப்பு அணி முழுவதும் கிடைத்துவிடும். பலகையின் மாதிரி அந்த அணியை மட்டுமே அறிந்தால் போதும். கனத்தைப் பெரிதாக்கியும் விடை மாறாதபோதே அதன் அளவு போதுமானது. விரிசல் ஓரிடத்தில் குவியத் தொடங்கிய பின் இந்தச் சராசரி பொருளிழந்துவிடுவதால், அந்தப் பகுதியை மட்டும் நுண்வலையில் வைத்திருக்க வேண்டும். கனம் சீரான முப்பரிமாணப் படப்புள்ளிகளாகவே கிடைக்கும்போது, ஆய்வாளர்கள் மூலினெக்கும் சுக்கேயும் 1994இல் முன்வைத்த ஃபூரியர் முறை வலையமைக்கும் வேலையையே தவிர்த்துவிடுகிறது.

மோதல் போன்ற விரைவு நிகழ்வுகளை, ஒவ்வொரு சிறு காலப்படியின் விடையையும் முந்தைய படியிலிருந்து நேரடியாகக் கணிக்கும் வெளிப்படை முறையில் தீர்க்கும்போது, மிகச் சிறிய கூறே காலப்படியை நிர்ணயிக்கிறது. எஃகில் ஒலி வினாடிக்குச் சுமார் 5000 மீட்டர் செல்வதால், 5 மில்லிமீட்டர் கூறுக்குக் காலப்படி ஏறக்குறைய 1 மைக்ரோவினாடி. வடிவமைப்புக் கோப்பில் தவறி நின்ற ஒரு நுண்ணிய விளிம்பு முழு ஓட்டத்தையும் பன்மடங்கு நீட்டிவிடும் என்பதால் முதலில் அதைத் தேடி அகற்றுங்கள். மெதுவான நிகழ்வுகளில் அடர்த்தியைச் செயற்கையாக 4 மடங்காக்கினால் காலப்படி இரட்டிப்பாகும். இயக்க ஆற்றல் உள்ளாற்றலில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

ஒரே அமைப்பை நூற்றுக்கணக்கான சுமைகளுக்குத் தீர்க்க வேண்டியிருந்தால் மட்டுமே சுருக்கிய மாதிரிகளை நாடலாம். 1968இல் வெளிவந்த கிரெய்க்–பாம்ப்டன் முறை, ஒரு துணை அமைப்பின் உட்கணுக்களை (கூறுகள் சந்திக்கும் உட்புள்ளிகளை) சில அதிர்வு வடிவங்களாகச் சுருக்கி, இணைப்புக் கணுக்களை அப்படியே வைத்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவின் நரம்பியல் வலைகளை இரண்டே ஓட்டங்களுக்காகப் பயிற்றுவிப்பது, என் கருத்தில், மிச்சத்தைவிடப் பெரிய செலவு. எந்தச் சுருக்கமாயினும் ஒரு சுமைக்கேனும் முழு மாதிரியோடு ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீட்டுச் சுமை, மாதிரியை உருவாக்கப் பயன்பட்டதாக இருக்கக் கூடாது.

லோட் ஷெடிங் எனும் சுழற்சி மின்வெட்டை அறிந்த நமக்கு, நின்ற இடத்திலிருந்து கணிப்பைத் தொடர உதவும் மறுதொடக்கக் கோப்புகளின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஒவ்வொரு படியிலும் முழு விடையையும் வட்டில் எழுதச் செய்தால், எழுதும் நேரமே கணிப்பு நேரத்தை விழுங்கிவிடும். நீண்ட இடைவெளியில் மறுதொடக்கக் கோப்பும், அடிக்கடி சில முக்கியக் கணுக்களின் எண்களும் எழுதுமாறு அமைத்தால் போதும்.