பக்கம் மறுபடி லோடு ஆகாமல் ஃபார்ம் அனுப்புவது எப்படி?

தோவாளையில் பூக்கடை வைத்திருக்கும் மாமாவுக்கு ஆர்டர் ஃபார்ம் ஒன்று செய்து கொடுத்தேன். பெயர், போன் நம்பர், பிச்சி எத்தனை கிலோ, என்றைக்கு வேண்டும், அவ்வளவுதான். ஆனி, ஆடிச் சாரலில் நெட் விட்டு விட்டுத்தான் வரும். அனுப்பு பட்டனை அமுக்கியதும் பக்கம் வெள்ளையாகிவிடும், அடித்ததெல்லாம் போய்விடும். கல்யாண வீட்டு அவசரத்தில் யார் மறுபடி உட்கார்ந்து அடிப்பார்கள்? அதற்காகத்தான் ஃபார்மை ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பின்னணியில் அனுப்பும்படி மாற்றினேன்.

ஃபார்மும், அது அனுப்புவதை சர்வரில் வாங்கும் பிஎச்பி ஃபைலும் ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஃபார்மின் சப்மிட் ஈவென்ட்டைப் பிடியுங்கள். பட்டனின் கிளிக்கைப் பிடித்து நிறுத்தினால், ரெக்கொயர்டு என்று போட்ட கட்டங்களை பிரவுசர் சரிபார்க்காது.

2. அந்த ஈவென்ட்டுக்கு எழுதும் ஃபங்ஷனின் முதல் வரியே பிரிவென்ட்டிஃபால்ட், அதாவது பிரவுசர் தானாகப் பக்கத்தை அனுப்புவதை நிறுத்தும் கட்டளை. அதற்கு முன்னால் வேறு வரி இருந்து அதில் பிழை வந்தால், பக்கம் பழையபடி லோடு ஆகிவிடும்.

3. ஃபார்மை அப்படியே நியூ ஃபார்ம்டேட்டாவுக்குள் கொடுங்கள், கட்டங்களில் அடித்ததை அது திரட்டிக்கொள்ளும். ஐடி மட்டும் இருந்து நேம் இல்லாத கட்டம் போகாது.

4. ஃபெட்ச், அதாவது பக்கம் மாறாமல் சர்வருக்கு அனுப்பும் ஃபங்ஷன். மெத்தட் போஸ்ட், பாடியில் அந்த ஃபார்ம்டேட்டா. இதோடு நிறுத்துங்கள்!

இங்கேதான் எனக்கு இரண்டு ராத்திரி போயிற்று. எங்கோ பார்த்து, அனுப்புவது எந்த வகை என்று சர்வருக்குச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரில் மல்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா என்று நானே எழுதிவைத்தேன். பிரவுசரின் நெட்வொர்க் டேபில் 200 (எல்லாம் சரி என்ற பதில்) வந்தது, ஆனால் பிஎச்பியில் போஸ்ட் காலி. ஒரு கட்டம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்ட, பிரவுசரே ஒரு பவுண்டரியை, அதாவது எல்லைக்குறியை, உண்டாக்கி ஹெடரில் சேர்க்கும். நாம் கைவைத்தால் அது ஹெடரில் வராது, சர்வருக்குப் பிரிக்கத் தெரியாது. அந்த வரியை அழித்ததும் குரோமில் 'வெப்கிட்ஃபார்ம்பவுண்டரி' என்று தொடங்கும் நீளமான எழுத்துச்சரம் ஹெடரில் தெரிந்தது. ஆர்டரும் வந்தது.

5. பதிலில் ஓகே ட்ரூவா என்று பாருங்கள். 404, 500 போன்ற பிழை எண் வந்தாலும் ஃபெட்ச், பதில் வந்ததும் ஓடும் தென்னுக்குத்தான் போகும். நெட் அறுந்தால்தான், பிழையைப் பிடிக்கும் கேட்ச். ஓகே வந்த பிறகே ஃபார்மை ரீசெட் செய்யுங்கள். அதுவரை அடித்தது கட்டத்திலேயே இருக்கட்டும்.

இதற்காக ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை ஏற்றாதீர்கள். 2017 முதல் சஃபாரியிலும் ஃபெட்ச் இருக்கிறது.

பின்சேர்க்கை: குளச்சலில் இருந்து படித்த ஒருவர், ஒரே ஆர்டர் இரண்டு தடவை விழுகிறது என்றார். ஃபெட்ச்சுக்கு முன் பட்டனை டிஸேபிள் செய்து, எப்படி முடிந்தாலும் ஓடும் ஃபைனலியில் திறந்துவிடுங்கள். தென்னில் மட்டும் திறந்தால், நெட் போன நேரத்தில் பட்டன் பூட்டியபடியே கிடக்கும்.