டிரஸ்ட் தொடங்கும் முன்: அறக்கட்டளை வகைகளும் பதிவு செய்யும் முறையும்

சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுகிற இளைஞர் குழுக்கள் மதுரையில் நிறைய உண்டு. நாலு வருடம் பந்தல் போட்டதும் "ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சிடலாம்ணே" என்று ஒரு தம்பி கிளம்புவார். தாராளமாக ஆரம்பிக்கலாம். பத்திரம் எழுதும் முன் இரண்டு விஷயம் தெளிவாகட்டும்: பணம் எங்கிருந்து வரும், முடிவை யார் எடுப்பார்கள்.

முதலில் பணம். கோயில் கட்டளை நமக்குப் பழக்கமானதுதான். ஒருவர் தொகையைக் கட்டிவைப்பார். முதலைத் தொடாமல் வட்டியில் வருடாவருடம் அவர் சொன்ன நாளில் பூஜையோ அன்னதானமோ நடக்கும். கல்வி உதவித்தொகை தருகிற குடும்ப அறக்கட்டளைகள் பலவும் இதே வழிதான். வேலை குறைவு, ஆனால் வட்டி இறங்கினால் உதவியும் இறங்கும்.

இன்னொரு வகை, தானே களத்தில் இறங்கி வேலை செய்வது. நம் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு தொடங்கியது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அமைத்த கோவெல் டிரஸ்ட்தான் அதற்குப் பின்னால் இருப்பது. கட்டணம் கொடுப்பவர்களிடம் வருகிற வருமானம் இலவச சிகிச்சையையும் தாங்குகிறது. நன்கொடை வற்றினாலும் வேலை நிற்காது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்குகிற சிஎஸ்ஆர் நிதியை நம்பி ஆரம்பிக்காதீர்கள். வெளி அமைப்புக்குக் கொடுப்பதென்றால் பொதுவாக மூன்று வருட அனுபவம் கேட்பார்கள்.

அடுத்து, யார் கையில் முடிவு? சில பேர் நிலையாகப் பொறுப்பேற்பதென்றால் டிரஸ்ட். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதியவேண்டும். உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதென்றால் சங்கம். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். கம்பெனி சட்டத்தின் 8-ஆம் பிரிவில் லாப நோக்கற்ற கம்பெனியும் உண்டு. சின்னக் குழுவுக்கு அந்தக் கணக்கு வழக்கு பாரம்.

சரி, பத்திரம். இங்கேதான் நிதானம் வேண்டும். மேலூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குழு, நோக்கம் என்ற இடத்தில் "ஏழை மாணவர்களுக்கு நோட்டு வழங்குதல்" என்று ஒரே வரி எழுதிவிட்டது. பின்னால் கண் முகாம் நடத்த ஆசைப்பட்டபோது ஆடிட்டர் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். திருத்தும் அதிகாரமும் பத்திரத்தில் இல்லை. நோக்கத்தை மாற்ற நீதிமன்றம் போகவேண்டிய நிலை. அதனால் கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி என்று அகலமாக எழுதுங்கள். அறங்காவலர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவர் எப்படி வருவார், டிரஸ்டைக் கலைத்தால் சொத்து எந்த அறப்பணிக்குப் போகும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் பான் கார்டு, டிரஸ்ட் பெயரில் வங்கிக் கணக்கு, வருமான வரித்துறைப் பதிவு. 12ஏ என்று எல்லோரும் சொல்வது டிரஸ்டின் வருமானத்துக்கான வரி விலக்கு. அதற்கு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டுக் காட்டவேண்டும். 80ஜி, நன்கொடை கொடுப்பவருக்கான வரிச் சலுகை. பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கும் கிடையாது. அதனால் பெரிய தொகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். கொடுப்பவரின் பான் எண்ணை ரசீதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.