தத்துவக் கேள்வியில நாம சறுக்குற இடங்கள்

கடவுள் உண்டா, எது சரி எது தப்புன்னு எங்க ஊரு சாயா கடையில பேச்சு வராத நாளே கிடையாது, நல்ல விஷயம்தான், ஆனா பதில் கையில ரெடியா இருக்குன்னு கேள்விய முழுசா கேக்காமலே பாய்ஞ்சிருவோம்.

நானும் பாய்ஞ்சிருக்கேன். குளச்சல் பக்கம் தெரிஞ்ச ஒரு அக்காவோட பிள்ளைய 2004 டிசம்பர் 26 அன்னைக்கு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை, அலை கொண்டு போச்சு. சில வருஷம் பொறவு, கடவுள் ஏன் விட்டாருன்னு அவங்க கேட்டப்போ, மனுஷனுக்கு சுதந்திரம் கொடுத்திருக்காரு, அதனாலதான் தீமை வருதுன்னு படிச்சத அப்படியே சொல்லிட்டேன். சாளை மீன் கழுவிட்டு இருந்த கைய நிறுத்தி, "அந்த அலைய எந்த மனுஷன் அனுப்புனான் மக்களே?"ன்னாங்க. அந்த வாதம் கொலைக்கும் களவுக்கும் பொருந்தும், கடலுக்குப் பொருந்தாது, ரெண்டையும் போட்டு குழப்பக்கூடாது. 1755 நவம்பர் 1, புனிதர்கள் திருநாள் அன்னைக்கு லிஸ்பன்ல பூகம்பம் வந்து சர்ச்சுல இருந்தவங்க செத்தப்போ, 'எல்லாம் நன்மைக்கே'ன்னு சொன்னவங்கள பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் எதுத்துக் கேட்டதும் இதத்தான். அதவிட பெரிய தப்பு, அக்கா கேட்டது வாதமே இல்ல, துக்கம். சும்மா பக்கத்துல உக்காந்திருக்கணும்.

அறிவு விஷயத்துல, நினைச்சது சரியா இருந்துட்டா அது தெரிஞ்சதா ஆகிடாது. முற்றத்துல அண்ணன் பைக் நிக்குது, அண்ணன் வந்தாச்சுன்னு நம்புறீங்க. பைக் பக்கத்து வீட்டுக்காரரோடது, ஆனா அண்ணன் பஸ்ல வந்து உள்ள தூங்குறான். காரணம் இருக்கு, நம்பினதும் உண்மை, ஆனா தெரிஞ்சதுன்னு சொல்ல முடியுமா? 1963ல கெட்டியர்ங்கிற அமெரிக்க தத்துவவாதி மூணே பக்கத்துல இந்த ஓட்டையத்தான் காட்டினாரு.

மனச மூளைன்னு சொல்லி முடிச்சிராதீங்க. காந்தாரி மிளகாய கடிச்சா சூட்ட உணர்ற அதே நரம்பு முனைதான் தூண்டப்படுது, சரி, அந்த எரிச்சல் எனக்கு எப்படி இருக்குங்கிறது இன்னும் மிச்சம் கிடக்கு.

எனக்கு ரொம்ப கோவம் வரது, வள்ளுவர் 133 அடிக்கு நிக்குற மாவட்டத்துல இருந்துகிட்டே 'பொய்மையும் வாய்மை இடத்த'ன்னு பாதி குறள சொல்லி பொய்க்கு லைசன்ஸ் எடுக்குறதுதான். 292வது குறள்ல மீதி இருக்கு, 'புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்', அதாவது குத்தமே கலக்காத நன்மை வந்தா மட்டும். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1797ல, நண்பன தேடி கொலைகாரன் வாசல்ல நின்னு கேட்டாலும் பொய் கூடாதுன்னு எழுதினாரு. என் மனசு வள்ளுவர் பக்கம்தான், ஆனா அந்த 'எனின்' நிறைவேறுதான்னு ஒவ்வொரு தடவையும் பாக்கணும், கடன் கொடுத்தவர் வந்து நிக்கும்போது அப்பா வீட்டுல இல்லன்னு சொல்றதுல அது நிறைவேறல.