ஆண்டிஸ் மலைச் செடிகள்: எழுதும்போதும் பயணிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் கோக்கா இலை, கஞ்சா, சான் பெத்ரோ கள்ளி, அயாவாஸ்கா பானம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி, "இன்காக்களின் போதைச் செடிகள்" என்று ஒட்டிவிடுகிறார்கள். அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு செடிக்கும் வேறு ஊர், வேறு உயரம், வேறு வரலாறு, வேறு ஆபத்து. பிழைகள் பெரும்பாலும் செடியின் பெயரையும் அது வளரும் உயரத்தையும் சரிபார்க்காததால் வருபவை.

மலை முழுவதையும் ஒரே நிலமாக எண்ணுவது

நிலத்தைத் திணையாகப் பிரித்துப் படித்த நமக்கு இது எளிதில் புரியும். பெரு நாட்டுப் புவியியலாளர் ஹவியர் புல்கார் விதால் தம் நாட்டை உயரத்தை வைத்தே பகுத்தார். 500 முதல் 2,300 மீட்டர் வரை யுங்கா. 3,500 வரை கெச்சுவா. 4,000 வரை சுனி. அதற்கு மேல் 4,800 வரை புனா. மக்காச்சோளம் கெச்சுவாவுக்குரியது. உருளைக்கிழங்கு கெச்சுவாவிலும் சுனியிலும் விளையும். லாமாவும் அல்பாக்காவும் மேயும் புல்வெளி புனா.

கோக்கா மலை உச்சியில் விளைவதாக எழுதுவது இந்தப் பகுப்பை அறியாததால்தான். அது யுங்காவின் செடி. கிழக்குச் சரிவில், ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில், ஏறக்குறைய 500 முதல் 2,000 மீட்டருக்குள் வளரும். உறைபனி விழுந்தால் கருகிவிடும். மேட்டில் வாழ்பவர்கள் அதை மென்றாலும் விளைவது கீழே. இந்த ஏற்ற இறக்கத்தில்தான் உலர்ந்த இறைச்சியும் உப்பும் கீழே போய், கோக்கா இலை மேலே வந்தது. இந்தப் பண்டமாற்றை விட்டுவிட்டு ஆண்டிஸ் பொருளாதாரத்தைப் பற்றி எழுதவே முடியாது.

அயாவாஸ்கா அமேசான் காட்டுக்கொடியிலிருந்து காய்ச்சப்படுவது. பெருவின் குஸ்கோ நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிறார்கள் என்பதற்காக அது மலைச்செடி ஆகிவிடாது. ஓர் எச்சரிக்கை மட்டும்: அந்தக் கொடியில் மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் அதைக் குடித்தால் செரடோனின் அளவு மீறி உயிருக்கே ஆபத்தாகலாம். சடங்குக்கு முன்பு ஓரிரு நாள் மாத்திரையை நிறுத்தினால் போதும் என்பதும் தவறு. ஃப்ளூவாக்செடின் போன்றவை உடலில் பல வாரம் தங்கும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதே தனி ஆபத்து.

கஞ்சாவை ஆண்டிஸின் பூர்வீகச் செடி என்பது

கஞ்சா ஆசியச் செடி. 2021இல் வெளியான மரபணு ஆய்வு, கிழக்கு ஆசியாவில் ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் அதை மனிதர் பயிராக்கத் தொடங்கினர் என்கிறது. தென்னமெரிக்காவுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர், அதுவும் கயிற்றுக்கும் பாய்த்துணிக்கும் வேண்டிய நாருக்காக. 1545 வாக்கில் சிலியின் கிய்யோத்தா பள்ளத்தாக்கில் விதைத்தார்கள். ஆகவே "இன்காக்களின் கஞ்சா" என்ற தொடர் கண்ணில் பட்டால் அந்தப் பத்தியை முழுதாக அடித்துவிடலாம்.

அப்படியானால் கொலம்பியாவின் "நாட்டு ரகங்கள்" பொய்யா? பொய்யில்லை, ஆனால் அந்தச் சொல்லை அளந்து பயன்படுத்த வேண்டும். நாட்டு ரகம் என்பது ஒரே அச்சில் வார்த்த தூய ரகம் அல்ல. ஓர் இடத்தில் பல தலைமுறை உழவர்கள் விதை எடுத்து விதைத்து, அந்த மண்ணுக்கும் பகல் நீளத்துக்கும் பழகிப்போன, தமக்குள் வேறுபாடு நிறைந்த செடிக்கூட்டம் அது. பூந்தோ ரோஹோ, சாந்தா மார்த்தா கோல்டு போன்ற பெயர்கள் 1970களின் கடத்தல் வணிகத்தில் புழங்கிப் பரவியவை. தாவரவியல் பெயர்கள் அல்ல. சாந்தா மார்த்தாவின் சியேரா நெவாதா மலையும் ஆண்டிஸ் தொடரிலிருந்து விலகித் தனியே கடலோரம் நிற்கும் மலைக்கூட்டம். அங்கு விளைந்ததை "ஆண்டிஸ் ரகம்" என்றால் வரைபடமே தவறிவிடும்.

நம் நெல்லோடு ஒப்பிட்டால் ஒரு முக்கிய வேறுபாடு தெரியும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வது. அதனால் மாப்பிள்ளைச் சம்பாவைப் பக்கத்து வயல் அவ்வளவு எளிதில் கெடுக்காது. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் பல கிலோமீட்டர் போகும். கொலம்பியாவின் கௌக்கா மலைச்சரிவுகளில் "கிரிப்பி" எனப்படும் புதிய கலப்பினங்கள் பரவிய பிறகு, அருகிலிருந்த பழைய செடிகளின் விதை பழைய விதையாக இருக்க வாய்ப்பு குறைவு. உறையில் பழைய பெயர் எழுதியிருப்பது எதற்கும் சான்றாகாது.

இதை ஆவணப்படுத்தும் ஆய்வாளர்களும் விதை வங்கிகளும் சறுக்குவது சேகரிப்பில். இரண்டு மூன்று நல்ல செடியைப் பார்த்து அவற்றிலிருந்து மட்டும் விதை எடுத்தால், கூட்டத்தின் வேறுபாடு அங்கேயே செத்துவிடும். அயல் மகரந்தச் சேர்க்கையுள்ள பயிர்களுக்கான பழைய கணக்குப்படி, ஓர் இடத்தில் தேர்ந்தெடுக்காமல் எடுத்த 30 செடிகளாவது வேண்டும். கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் காணப்படும் மரபணு வடிவங்கள் அப்போதுதான் நழுவாமல் இருக்க நல்ல வாய்ப்பு. கூடவே இடத்தின் பெயர், உயரம், அட்சரேகை, தேதி, உழவர் தம் வாயால் சொல்லும் பெயர், அவர் விதை எங்கிருந்து வந்தது என்கிறார், எத்தனை தாய்ச்செடிகள் என்பனவும் வேண்டும். இவை இல்லாத விதை வெறும் விதைதான். பெரு, பொலிவியா, ஈக்வடார், கொலம்பியா நாடுகளில் மரபு வளத்தை எடுப்பதற்கு அந்நாடுகளின் கூட்டமைப்பான ஆண்டிஸ் சமூகத்தின் 1996ஆம் ஆண்டு 391ஆம் தீர்மானப்படி அரசின் ஒப்புதலும் வேண்டும். அதைத் தவிர்த்துச் சேகரிப்பது அந்த உழவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு ஓடுவதே.

உயரம் கூடினால் புறஊதாக் கதிர் கூடும், அதனால் வீரியமும் கூடும் என்ற கூற்றையும் கவனமாக எழுதுங்கள். 1987இல் ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. இன்றைய ரகங்களில் செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

கோக்கா: பெயரில் தொடங்கும் குழப்பம்

தமிழில் முதல் தொல்லை எழுத்துக்கூட்டல். கோகோ சாக்லேட்டின் மரம். கோக்கா வேறு குடும்பம். மொழிபெயர்ப்பில் இரண்டும் இடம் மாறிய பக்கங்கள் ஏராளம். நம் வறண்ட காடுகளில் இயல்பாக வளரும் செம்புளிச்சான் கோக்காவின் பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதற்காக அதைக் கோக்கா என்று சொல்லக் கூடாது.

அடுத்தது, இலையையும் கோக்கைனையும் ஒன்றாக்குவது. உலர்ந்த இலையில் கோக்கைன் பொதுவாக நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் நீமான் அதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டது 1860 வாக்கில். இலையின் வரலாறோ பெருவின் நன்ச்சோக் பள்ளத்தாக்கில் சுண்ணாம்போடு கிடைத்த எச்சங்களின்படி ஏறத்தாழ 8,000 ஆண்டு. 160 ஆண்டுப் பொருளை வைத்து 8,000 ஆண்டுப் பழக்கத்தை எடைபோடுவது சரியல்ல. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம் அதைத்தான் செய்தது. கோக்கா மெல்லும் வழக்கத்தை 25 ஆண்டுகளில் ஒழிக்கச் சொன்னது. பொலிவியா அதிலிருந்து விலகி, மெல்லும் உரிமையை விலக்காக வைத்து 2013இல் மீண்டும் சேர்ந்தது.

"வெற்றிலை போல மெல்லுகிறார்கள்" என்ற ஒப்பீடு பாதி சரி. இரண்டுக்கும் சுண்ணாம்பு போன்ற காரம் வேண்டும். ஆனால் கோக்கா இலையை அரைத்துத் துப்புவதில்லை. நரம்பைக் கிள்ளிவிட்டு, இலையைக் கன்னத்துக்குள் உருட்டி ஒதுக்கி, சாற்றை மெல்ல விழுங்குகிறார்கள். லிப்தா எனப்படும் சாம்பல் கட்டி, பெரும்பாலும் கினோவா தானியச் செடியின் தண்டை எரித்துச் செய்வது, உமிழ்நீரின் காரத்தன்மையைக் கூட்டும். அப்போதுதான் இலையின் சத்து கன்னத்தோல் வழியாக ஏறும். சாம்பலை இலைக்குள் பொதியாமல் நேரே ஈறில் வைத்தால் வாய் வெந்துவிடும். புதியவர்களுக்கு இது அடிக்கடி நேர்வது.

உயரமான இடங்களில் வரும் மலைநோய்க்குக் கோக்காத் தேநீர் மருந்து என்று நம்புவதுதான் பயணிகளின் உயிரோடு விளையாடும் தவறு. அது சோர்வையும் தலைவலியையும் சற்று மறக்கடிக்கலாம். நோயைத் தடுக்கும் என்பதற்கு நல்ல சோதனைச் சான்று இல்லை. அறிகுறியை மறைத்துக்கொண்டு மேலே ஏறுவதே ஆபத்து. குஸ்கோ 3,400 மீட்டர். பொலிவியாவின் லா பாஸ் நகருக்கான விமான நிலையம் 4,060 மீட்டருக்கும் மேலே. பெருவின் தலைநகர் லீமாவின் கடல்மட்டத்திலிருந்து நேரே குஸ்கோவில் இறங்குபவர், முதல் இரவுகளை 2,800 மீட்டர் அளவிலுள்ள ஒய்யாந்தாய்தம்போ பக்கம் கழிப்பது நல்லது. 3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. தடுப்பு மருந்து அசெட்டசோலமைடு. பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். தேநீர் வைத்துக்கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

தொங்கும் எக்காளப் பூ

இந்தப் பட்டியலில் நாங்கள் அதிகம் அஞ்சுவது புரூக்மான்சியா. ஆண்டிஸில் சிவப்புப் பூப்பது புரூக்மான்சியா சங்குவினியா. கொலம்பியாவின் சிபுந்தோய் பள்ளத்தாக்கில் பல வகைகளை மருத்துவர்கள் தோட்டத்தில் தனித்தனியாக வளர்த்துவந்திருக்கிறார்கள். இயற்கைக் காட்டில் இந்தப் பேரினம் அழிந்துவிட்டது. மனிதர் நட்டவையே மிச்சம். இதே பேரினத்தின் வெள்ளை, மஞ்சள் வகைகள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலியோரம் தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

ஊமத்தையோடு இதைக் குழப்புகிறார்கள். ஊமத்தைப் பூ மேல்நோக்கி நிமிரும், காய் முள்ளோடு இருக்கும், செடி சிறியது. புரூக்மான்சியா மரம் போல உயரும், பூ கீழ்நோக்கித் தொங்கும், காயில் முள் இல்லை. நஞ்சு மட்டும் ஒரே குடும்பம்: ஸ்கோபோலமைன், அட்ரோபின், ஹயோசயமின். அளவு செடிக்குச் செடி, பாகத்துக்குப் பாகம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே "பாதுகாப்பான அளவு" என்று ஒன்று இல்லவே இல்லை. பரம்பரையாக அதைக் கையாண்ட மருத்துவர்களே மற்ற செடிகளைவிட இதற்கு அஞ்சினார்கள் என்பதை, இணையத்தில் அளவு தேடும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்தில் இருந்தால் கீரைப் பாத்தி அருகிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வைக்காதீர்கள். கவாத்து செய்யும்போது கையுறை போட்டு, முடித்ததும் சோப்பால் கை கழுவுங்கள். சாறு பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்துகொள்ளும். அதை மூளைப் பாதிப்பென்று எண்ணி வீட்டார் பதறுவார்கள். மருத்துவரிடம் "இந்தச் செடியை வெட்டினேன்" என்ற ஒரு வாக்கியம் பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும். யாராவது தின்றுவிட்டால் வாய் வறளும், தோல் சிவந்து சுடும், சிறுநீர் அடைக்கும், இல்லாததைப் பார்த்துப் பேசுவார். உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழைத்து, செடியின் ஒரு கிளையோடு மருத்துவமனைக்குப் போங்கள். தெளிந்துவிட்டதுபோல் தோன்றினாலும் குழப்பம் ஓரிரு நாள் நீளும்; தனியே விடக்கூடாது.

சான் பெத்ரோவும் வில்காவும்

சான் பெத்ரோ கள்ளியைப் பெயோத்தேயோடு குழப்புவது சாதாரணம், ஏனென்றால் இரண்டிலும் மாயக்காட்சி தரும் மெஸ்கலின் உண்டு. பெயோத்தே மெக்சிகோப் பாலைவனத்தில் தரையோடு ஒட்டிய முள்ளில்லாத குமிழ். சான் பெத்ரோ ஈக்வடாரிலும் பெருவிலும் பல மீட்டர் உயரும் தூண். பழைய பெயர் வச்சுமா. விண்ணகத்தின் சாவி வைத்திருக்கும் புனித பேதுருவின் பெயர் கிறித்தவம் வந்தபின் ஒட்டியது. பெருவின் சாவின் தே வான்தார் கோயில் கல்லில் இந்தக் கள்ளியைக் கையில் பிடித்த உருவம் கிறித்துவுக்கு முற்பட்டது. இதன் மரபுப் பயன்பாட்டைப் பெரு அரசு 2022இல் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

வில்கா ஒரு மரம். விதையை வறுத்துப் பொடித்து மூக்கில் இழுத்தார்கள். தாழ்ந்த வறண்ட பள்ளத்தாக்குகளில் வளர்வது. ஒரினோகோ ஆற்றுப்பக்கத்து யோப்போ அதன் உறவுமரம், அதே மரமல்ல.

ஊர் திரும்பும்போது

கள்ளிகள் எல்லாமே, மிகச் சில விலக்குகளோடு, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. சந்தையில் வாங்கிய துண்டைப் பெட்டியில் வைத்து வர முடியாது. மெஸ்கலின் இந்தியச் சட்டத்தில் தடைசெய்த பொருள். விதை எதுவானாலும் தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி வேண்டும்.

கோக்காத் தேநீர்ப் பையில் ஏறத்தாழ ஒரு கிராம் இலை. அதில் கோக்கைன் சுமார் 5 மில்லிகிராம், அதாவது நூற்றுக்கு அரைப் பங்கு. நம் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் விலக்கு அளிப்பது 0.1 விழுக்காட்டுக்கு மேற்படாத தயாரிப்புகளுக்கே. கோக்கா இலைக்கான தண்டனை பத்தாண்டு வரை. பெருவில் கடையில் அடுக்கி விற்கிறார்களே என்ற வாதம் இங்கே செல்லாது. இடையில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ விமானம் மாறினால் அங்கும் செல்லாது. ஒரு கோப்பை குடித்தவரின் சிறுநீரில் கோக்கைன் எச்சம் ஒரு மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம் நானோகிராம் வரை ஏறும். சோதனைக்கூடங்களின் வரம்பு 150 அல்லது 300. வேலைக்கான பரிசோதனை காத்திருந்தால் அதற்குச் சில நாள் முன்பே தேநீரை நிறுத்திவிடுங்கள். புறப்படும் காலையில் பெட்டியின் ஓரப் பைகளையும் மேல்சட்டைப் பைகளையும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள்: விடுதியில் வரவேற்பாகத் தந்த இலைகள் நான்கைந்து அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.