கல்லூரியில் மாணவர் மனநலம்: எப்படித் திட்டமிடுவது, எதை அளப்பது

கருத்தரங்கு நடத்தினோம், போஸ்டர் ஒட்டினோம், இத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கை எழுதி முடித்துவிடும் கல்லூரிகள்தான் அதிகம். வந்தவர்களை எண்ணி, மாணவர்களின் மனநலம் தேறியதா என்று தெரிந்துகொள்ள முடியாது. நீங்கள் ஆசிரியரோ, கவுன்சலரோ, மாணவர் மன்றத்தில் இருப்பவரோ, இந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருந்தால் புதிதாக எதையும் தொடங்குவதற்கு முன்னால் இன்றைய நிலைமையை அளந்து வையுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து எதோடு ஒப்பிடுவீர்கள்?

கேள்வித்தாளை நீங்களே தயாரிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூ.எச்.ஓ-5 என்ற மனநலக் கேள்வித்தாள் இருக்கிறது. ஐந்தே கேள்விகள், கடந்த 2 வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு இவ்வளவு என்று வந்துவிடும்; எண் கூடினால் மனநலம் நன்றாக இருக்கிறது என்று பொருள். சராசரியை விட, 50-க்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

மனச்சோர்வைத் தனியாக அளக்க பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட கேள்வித்தாளைப் பயன்படுத்துவார்கள். இதில் யோசிக்காமல் இறங்கிவிடக் கூடாது. அதன் 9-வது கேள்வி, செத்துப்போகலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. பெயரோடு வாங்கினால் அந்தப் பதிலை அன்றைக்கே பார்த்து, அன்றைக்கே அந்த மாணவரிடம் பேச ஆள் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வாங்கி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை திறந்து பார்க்கும் விஷயம் இல்லை இது. பெயரில்லாமல் வாங்கினால் யார் எழுதியது என்றே தெரியாது, உதவி செய்யவும் வழி இல்லை. அப்படிப்பட்ட சர்வேக்கு அந்தக் கேள்வியை விட்டுவிட்ட பி.எச்.க்யூ-8 போதும். எதைப் பயன்படுத்தினாலும் கடைசித் திரையில் உதவி எண்ணைப் போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் அதே வாரத்தில் எடுங்கள். ஒரு வருடம் செமஸ்டர் தொடக்கத்திலும் அடுத்த வருடம் தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் எடுத்தால் நீங்கள் அளப்பது தேர்வு பயத்தைத்தான். எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 10 பேருக்குக் குறைவான பிரிவின் முடிவை வெளியிட வேண்டாம், ஆளை எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். மூலப் பதில்கள் துறைத் தலைவர் கைக்குப் போகவே கூடாது.

அப்புறம் கவுன்சலிங். முதல் வருடம் வருபவர்களின் எண்ணிக்கை கூடினால் நிர்வாகம் பதறும். பதற வேண்டாம், வர நினைத்தும் வராமல் இருந்தவர்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கலாம். நான் முதலில் பார்ப்பது காத்திருப்பு நாட்களை. ஒரு மாணவி தூக்கம் வராமல் இரவு இரண்டு மணிக்கு மெயில் அனுப்புகிறாள், "மூன்று வாரம் கழித்து வாங்க" என்று பதில் போகிறது, அந்த மூன்று வாரத்தில் அவள் இரண்டு தேர்வை எழுதாமல் விட்டுவிடுகிறாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் ஒரு வருகையாக மட்டும்தான் இருக்கும். அதனால் உதவி கேட்ட தேதி, முதலில் பார்த்த தேதி, திரும்ப வந்தாரா இல்லையா, இந்த மூன்றையும் பெயரில்லாமல் ஒரு எக்செல் தாளில் குறித்து வாருங்கள். ஒருமுறை வந்துவிட்டுத் திரும்பாதவர்கள் அதிகம் என்றால் ஏன் என்று விசாரிக்க வேண்டும். 1,000 முதல் 1,500 மாணவர்களுக்கு ஒரு கவுன்சலர் என்பது இந்தத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் கணக்கு அதைவிட மோசமாக இருந்தால் நிதி கேட்கும்போது இதையே காட்டுங்கள்.

எல்லாவற்றையும் கவுன்சலர் தலையில் கட்டுவதும் சரியல்ல. 2015-இல் கனடாவில் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வழிகாட்டியாக உருவான ஒகனாகன் சாசனம், நலவாழ்வைக் கல்லூரியின் அன்றாட முடிவுகளிலேயே சேர்க்கச் சொல்கிறது. ஒரே நாளில் நான்கு அசைன்மென்ட் வராமல் துறைகள் பேசிவைத்துக்கொள்ளலாம், மொட்டை மாடிக் கதவைப் பூட்டலாம். வார்டனுக்கும் வாட்ச்மேனுக்கும் பயிற்சி கொடுங்கள், யார் சாப்பிட வரவில்லை, யார் அறையை விட்டே வெளியே வரவில்லை என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

ஒரு வருடத்துக்கு இரண்டு மூன்று வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எப்போதைக்குள், எந்த எண் மாற வேண்டும் என்று எழுதி வையுங்கள். செமஸ்டர் முடிவில், கண்டது என்ன, மாற்றியது என்ன, முடியாமல் போனது எது என்று மாணவர்களிடமே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த சர்வேக்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள்.