1911 பிஸ்டலில் தோட்டா முட்டி நின்றால்

இரும்புச் சட்டம் கொண்ட 1911 பிஸ்டலில் தோட்டா முனை, மேகசினிலிருந்து (தோட்டா அடுக்கும் பெட்டி) குழலுக்கு ஏறும் சரிவில் முட்டி நின்றால் அரமோ சுழல்கல்லோ வேண்டாம். காலி செய்து, குழலில் தோட்டா அமரும் அறையை இருமுறை பார்த்து, பிரித்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் உலோகப் பாலிஷ் பசை எடுத்து, சட்டத்திலுள்ள அந்தச் சரிவை மேலும் கீழுமாகத் தேயுங்கள். பஞ்சு கறுத்ததும் குச்சியை மாற்றுங்கள். பளபளப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

வெட்டும் எந்திரம் விட்ட வரிகள் பல சமயம் தோட்டா போகும் திசைக்குக் குறுக்கே இருக்கும். குழிமுனைத் தோட்டாவின் விளிம்பு அதில்தான் மாட்டுகிறது. பசை அந்த மேடுகளை மட்டும் தேய்க்கும், வடிவத்தைத் தொடாது. வடிவம் மிக முக்கியம்: சரிவின் கோணம் சுமார் 31.5 பாகை, அதன் மேல்விளிம்புக்கும் குழலின் சரிவுக்கும் இடையே 1/32 அங்குல (0.8 மி.மீ.) படி இருக்க வேண்டும். கல் வைத்து விளிம்பை மழுக்கினால் அந்தப் படி போய்விடும், முட்டல் இன்னும் கூடும். குழல் பக்கத்தை அதிகம் குடைந்தாலோ தோட்டா உறையின் அடிப்பகுதி தாங்கலின்றி வெடிக்கலாம்.

முடிந்ததும் பசையைக் கரைப்பானால் முழுக்கத் துடைத்து, மருந்தில்லாத போலித் தோட்டாக்களால் சோதியுங்கள்.

அலுமினியச் சட்டத்தில் இதைச் செய்யாதீர்கள். மேலிருக்கும் மெல்லிய கடினப் படலம் போனால் உள்ளே மிருதுவான உலோகம்தான். முதலில் வேறு மேகசின் போட்டுப் பாருங்கள், பாதிக் கோளாறு அதன் உதடுகளிலும் (தோட்டாவைப் பிடிக்கும் மேல்விளிம்புகள்) ஸ்பிரிங்கிலும்தான். பிஸ்டலின் சுத்தியலும் அதைப் பிடித்து நிறுத்தும் சியரும் கவ்வும் முகங்களைத் தொடவே கூடாது: கோணம் மாறினால் சுத்தியல் தானாக விழும்.