கேமரா வீடியோவை எடிட்டிங் மென்பொருளில் ஏற்றுவது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு

செங்கோட்டையில் புதிதாகக் கேமரா வாங்கும் தம்பிகள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது கழுதுருட்டி 13 கண் ரயில் பாலத்துக்கு எதிரேதான். 1904-ல் மீட்டர் கேஜில் ரயில் ஓடத் தொடங்கிய தடம் அது. 2018-ல் அகலப்பாதையாகத் திறந்த பிறகு, அதில் ரயில் கடக்கும் வீடியோ இல்லாத போனே எங்கள் தெருவில் இல்லை.

போன வாரம் அப்படி ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தான். "அண்ணாச்சி, நேத்து வரைக்கும் ஓடிச்சு. இன்னைக்குத் தொறந்தா எல்லாம் செவப்பா கெடக்கு."

திரையில் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்புக் கட்டம். "கார்டு எங்கடே?" என்றேன். கேமராவில் இருந்தது. திரும்பச் செருகியதும் ரயில் ஓடிவிட்டது.

இம்போர்ட் என்றால் வீடியோ மென்பொருளுக்குள் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போவதில்லை. கோப்பு எங்கே இருக்கிறது என்கிற முகவரியை மட்டும் மென்பொருள் குறித்துக்கொள்கிறது. கார்டிலிருந்தே இம்போர்ட் செய்தால் கார்டுதான் முகவரி. அதை உருவினால் ஆள் வீட்டில் இல்லை. தம்பிக்கு நல்ல நேரம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதே தவறைச் செய்து, மறுநாள் வேலைக்காகக் கார்டை ஃபார்மட்டும் செய்துவிட்டேன். புனலூர்க் கல்யாணம் ஒன்றில் தாலிகெட்டுக்கு முந்தைய அரை மணி நேரம் அப்படித்தான் போனது.

1. முதலில் நகல்

கார்டைச் செருகும் முன் அதன் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டைக் கீழே தள்ளுங்கள். இனி கை தவறினாலும் எதுவும் அழியாது.

கேமராவைக் கேபிளில் இணைப்பதைவிடக் கார்டு ரீடர் நல்லது. யுஎஸ்பி 3 ரீடர் வாங்குங்கள். கணினியிலும் யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள், பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும். பழைய யுஎஸ்பி 2-ல் நொடிக்கு 35 எம்பி போனாலே பெரிய விஷயம். 64 ஜிபி கார்டு நிரம்பியிருந்தால் அரை மணி நேரம் ஆகும்.

கணினியில் தேதியும் இடமும் போட்டு ஒரு ஃபோல்டர், அதற்குள் 'கார்டு 1', 'கார்டு 2'. இதைச் சோம்பலில் விடாதீர்கள். சில கேமராக்கள் ஃபார்மட் செய்ததும் மறுபடி 0001 என்றே எண்ணத் தொடங்கும். இரண்டு கார்டை ஒரே ஃபோல்டரில் கொட்டினால், 'இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா?' என்று விண்டோஸ் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் சரி என்று அழுத்தினால் அவ்வளவுதான்.

அப்புறம், கார்டில் உள்ளதை முழுதாக நகலெடுங்கள். டிசிஐஎம், பிரைவேட் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இருக்கும். வீடியோ எங்கே என்று தோண்டி, எம்டிஎஸ் என்று முடியும் வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்கத் தோன்றும். வேண்டாம்.

காரணம் இது. 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் ஃபேட் 32 என்ற, கோப்புகளை அடுக்கும் பழைய முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஏவிசிஎச்டி என்ற வடிவில் பதியும் சில கேமராக்கள் 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். நீங்கள் நிறுத்தாமல் எடுத்தாலும் கார்டில் துண்டு துண்டாகத்தான் விழும். எந்தத் துண்டோடு எது சேரும் என்ற குறிப்பு மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. அது இல்லாமல் துண்டுகளை நாமே வரிசையாக வைத்தால், ஒட்டும் இடத்தில் ஒரு நொடியில் சிறு பங்கு ஒலி விழுங்கப்படும். பேச்சில் தெரியாமல் போகலாம். ஆரியங்காவைத் தாண்டி ஒரு கோயில் உற்சவத்தில் ஸ்டாண்டில் வைத்து எடுத்த செண்டை மேளம் என்னிடம் இருந்தது. 11 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு அடி காணவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர் தொடையில் தாளம் போட்டபடி பார்த்தவர், சரியாக அந்த இடத்தில் கையை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில், முழு ஃபோல்டரும் அப்படியே இருக்க, உள்ளிருந்தே ஃபோல்டர்களைப் பார்க்கும் மீடியா பிரவுசர் வழியாகப் போனால் துண்டுகள் ஒரே கிளிப்பாகத் தெரியும்.

நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள். சாரல் காலத்தில் எங்கள் ஊர்க் கரண்ட் நகல் முடியும்வரை காத்திருக்காது.

2. புராஜெக்டின் வேகம்

இனி வரும் படிகளை, இலவசம் என்பதால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்தே சொல்கிறேன். புதிய புராஜெக்ட் திறந்ததும் வலது கீழ் மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்துங்கள். டைம்லைன் ஃபிரேம் ரேட் 24 என்று இருக்கும். டைம்லைன் என்பது கிளிப்புகளை வரிசையாக வைத்து வெட்டி ஒட்டும் இடம், ஃபிரேம் ரேட் என்பது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டப விளக்கு மினுங்காமல் இருக்கப் பெரும்பாலோர் 25 அல்லது 50-ல்தான் எடுப்பார்கள். நீங்கள் எடுத்தது எதுவோ அதையே இங்கே வையுங்கள். டைம்லைனில் கிளிப் இறங்கிய பிறகு மாற்ற விடாது.

3. இம்போர்ட்

கீழே மீடியா பக்கத்துக்குப் போங்கள். இடது மேல் பகுதியில் உங்கள் டிரைவ்கள் தெரியும். நகலெடுத்த ஃபோல்டரைக் கண்டுபிடித்து, கிளிப்புகளைக் கீழே உள்ள மீடியா பூலுக்கு, அதாவது புராஜெக்டின் கிளிப்புகள் சேரும் பகுதிக்கு, இழுத்து விடுங்கள். 'ஃபிரேம் ரேட் பொருந்தவில்லை, மாற்றவா?' என்று கேட்டால், முந்தைய படியில் எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள். யோசித்துப் பதில் சொல்லுங்கள். மற்றபடி இவ்வளவுதான் இம்போர்ட்.

4. போன் வீடியோ வந்தால்

மாமா ஒருவர் போனில் எடுத்ததையும் சேர்க்கச் சொல்வார். எல்லாக் கல்யாணத்திலும் அந்த மாமா உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் நசுங்கிவிடும், கேபிளில் வாங்குங்கள். போன் தன் வசதிக்கு ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எடுக்கும். அதனால் போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் ஆகலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றி, அதன் பிறகு இம்போர்ட் செய்யுங்கள்.

5. திக்கித் திக்கி ஓடினால்

4கே கோப்பு பழைய லேப்டாப்பில் இழுக்கும். கிளிப்பில் வலது கிளிக் செய்து 'ஜெனரேட் பிராக்ஸி மீடியா' கொடுத்தால், வெட்டி ஒட்ட வசதியாக ஒரு லேசான நகல் உருவாகும். வெளியீட்டில் வழக்கமாக அசல்தான் போகும்.

பிறகு ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றினால் மறுபடி சிவப்புக் கட்டம் வரும். பதறாமல் கிளிப்பில் வலது கிளிக், 'ரீலிங்க்', புதிய இடத்தைக் காட்டுங்கள்.

கார்டை எப்போது காலி செய்யலாம்? இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் நகல் ஏறிய பிறகு. அதுவும் கணினியில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். அதற்கு முன் பூட்டைத் திரும்ப மேலே தள்ள மறக்காதீர்கள். மறந்தால், மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு நேரத்தில் கேமரா 'கார்டு பூட்டியிருக்கிறது' என்று சொல்லும்.